பட்டன் மணி அடிச்சாப் போதும். கணக்கு வேற இடத்துல இருக்கட்டும்

மக்களே, இன்னைக்குக் கொஞ்சம் பொட்டி தட்டுற சமாச்சாரம். நிரல் எழுதாதவங்களும் பயப்படாம உள்ள வரலாம். வத்தல் மூடை, சாக்கு எடை, கமிஷன்னு எங்க விளாத்திகுளம் சரக்கை வச்சுத்தான் சொல்லப்போறேன்.

சொல்ல வர்றதை மொதல்லயே சொல்லிடறேன். திரையில பட்டன், பெட்டி எல்லாம் வச்சு நிரல் எழுதுறவங்க "ஈவென்ட் ஹேண்ட்லிங்கை எளிமையாக்கிட்டோம்"னு சொன்னா, பெரும்பாலும் அது வரியைக் குறைச்ச கதையாத்தான் இருக்கும். பத்து வரி இருந்த இடத்துல இப்ப ஒரு வரி. நல்லது, சந்தோஷம். ஆனா சிக்கல் வரியில இல்லீங்க. ஒரு பெட்டி இன்னொரு பெட்டியை மாத்துது, அது மூணாவதை மாத்துது, மூணாவது திரும்ப வந்து முதல் ஆளையே மாத்துது... இந்தக் கொடுக்கல் வாங்கல்லதான் சிக்கலே இருக்கு. அதை அவுக்காம வரியை மட்டும் குறைக்கிறது, முடிச்சை அப்படியே விட்டுட்டு கயித்தை மட்டும் குட்டையா வெட்டுற மாதிரி.

தெரியாதவங்களுக்கு ரெண்டே வரி. நீங்க பட்டனைத் தட்டுறது, பெட்டியில எழுதுறது, மவுஸை நகத்துறது எல்லாமே ஒவ்வொரு நிகழ்வு, அதாவது ஈவென்ட். அது நடந்த உடனே ஓடுற நிரல் துண்டுக்குப் பேரு ஹேண்ட்லர். அவ்வளவுதான், பாடம் முடிஞ்சது :-)

ஒரு வத்தல் கடை ஸ்க்ரீன்

எங்க பக்கம் முழுக்க கரிசல் காடு, மானாவாரி. உளுந்து, பாசி, கம்பு, மக்காச்சோளம், மல்லி, வத்தல் இதுதான் வெள்ளாமை. சம்சாரிங்க வத்தலைக் காயவச்சு, மூடை போட்டு கமிஷன் கடைக்குக் கொண்டாருவாங்க. அங்க எடை போட்டு, விலை பேசி, கமிஷனும் கூலியும் கழிச்சு மிச்சத்தைக் கையில குடுப்பாங்க.

அப்படி ஒரு கடையில (பேரு வேண்டாம்) பில் போடறதுக்கு விபி6-ல யாரோ எழுதிக் குடுத்த நிரல் ஒண்ணு வருஷக்கணக்கா ஓடிக்கிட்டு இருந்துச்சு. விபி6 வந்தது 1998-ல. அதுல நிரல் எழுதுற கருவிக்கு ஆதரவு குடுக்கறதை 2008 ஏப்ரல்ல மைக்ரோசாஃப்ட் நிறுத்திடுச்சு. ஆனா ஏற்கெனவே எழுதி முடிச்ச நிரல் ஓடறதுக்கான அடிப்படைக் கோப்புகள் விண்டோஸ் 11 வரைக்கும் கூடவே வந்துகிட்டு இருக்கு. அதனாலதான் சின்ன ஊருக் கடைகள்ல விபி6 இன்னும் சாகாம இருக்கு.

அந்த ஸ்க்ரீன்ல ஆளு எழுதுற பெட்டி ஆறு: மூடை எண்ணிக்கை, மொத்த எடை, கிலோ விலை, கமிஷன் சதவீதம், மூடைக்குக் கூலி, முன்பணம். நிரல் கணக்குப் போட்டுக் காட்டுறது அஞ்சு: சாக்கு எடை போக நிகர எடை, சரக்கு மதிப்பு, கமிஷன் தொகை, கூலித் தொகை, கடைசியா கையில குடுக்க வேண்டியது.

ஒரு நாள் நடந்தது இது. 12 மூடை, மொத்தம் 372 கிலோ. சாக்குக்கு ஒரு கிலோ கழிவு. கிலோ 180 ரூபாய். கமிஷன் 5 சதவீதம். மூடைக்கு 20 ரூபாய் கூலி. முன்பணம் கிடையாது. பில் போடுற தம்பி அவசரத்துல 12-ன்னு அடிக்கறதுக்கு 21-ன்னு அடிச்சிட்டான். எடை, விலை எல்லாம் போட்ட பிறகு கவனிச்சு, மேல போய் 12-ன்னு திருத்தினான். பில் வந்துச்சு. 12 மூடைன்னு சரியா இருக்கு. கையில 59,781 ரூபாய்.

மூடை கொண்டாந்த பெரியவர் வெத்தலையை ஒதுக்கிக்கிட்டு பில்லைப் பார்த்தார். "எய்யா, பன்னெண்டு மூடைக்கு எதுக்கு இருவத்தோரு கிலோ கழிக்க?"

கடைக்கார அண்ணாச்சி, "கம்ப்யூட்டர் போட்டது, தப்பா இருக்காது பெரியவரே"ன்னார்.

"கம்ப்யூட்டருக்கு எத்தனை சாக்குன்னு எண்ணத் தெரியாதா?"ன்னு கேட்டார் பாருங்க, அதுக்கு யார்கிட்டயும் பதில் இல்ல.

சரியான கணக்கு என்னன்னா, 372-ல 12 போக 360 கிலோ. மதிப்பு 64,800. கமிஷன் 3,240, கூலி 240 போக கையில 61,320. நிரல் போட்டது 351 கிலோவுக்கு. 9 கிலோ வத்தல் காத்துல போச்சு. பெரியவருக்கு 1,539 ரூபாய் நட்டம். அவர் கேக்கலைன்னா போனது போனதுதான். பில்லுல 12 மூடைன்னு சரியா இருக்கும்போது யாரு போயி கழிவைப் பார்க்கப்போறா?

அண்ணாச்சி எனக்கு தூரத்துச் சொந்தம். ஊருக்குப் போயிருந்தப்ப "நீ கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளைதானே, என்னன்னு பாரு"ன்னு உக்கார வச்சுட்டார். அதே மெஷின்ல ஒரு ஃபோல்டர்ல மூல நிரலும் இருந்துச்சு. பார்த்தா காரணம் சின்னது. சாக்கு எடையைக் கழிக்கிற வேலையை எடைப் பெட்டியோட ஹேண்ட்லர்ல எழுதியிருக்காங்க. மூடைப் பெட்டியோட ஹேண்ட்லர் கூலியை மட்டும் மாத்துது. அப்புறம் திரையில ஏற்கெனவே எழுதியிருக்கிற சரக்கு மதிப்பையும் கமிஷனையும் எடுத்துக் கடைசித் தொகையைப் போடுது. மூடையை முதல்ல, எடையை அப்புறம்னு வரிசையா அடிச்சா எல்லாம் சரி. திரும்பிப் போய்த் திருத்தினா காலி.

எழுதினவர் முட்டாள்னு நான் சொல்லமாட்டேன். எழுதுற பெட்டி ஆறு, காட்டுற பெட்டி அஞ்சு. இது மாறினா அது மாறணுமான்னு 30 ஜோடி இருக்கு. முப்பதுலயும் ஒண்ணையும் விடாம எந்த மனுசன் ஞாபகம் வச்சுக்கிட்டு எழுதுவான்? அப்புறம் ஒரு நாள் அண்ணாச்சி "ஏத்துக்கூலி தனியா வேணும்"னு சொன்னா, இன்னொரு பெட்டி, 35 ஜோடி.

கணக்கு ஒரே இடத்துல

தீர்வு ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. ஹேண்ட்லருக்கு ஒரே ஒரு வேலை: "ஏதோ மாறிடுச்சு"ன்னு மணி அடிக்கிறது. இப்படி:

மூடை மாறினா: கணக்குப் பார்
எடை மாறினா: கணக்குப் பார்
விலை மாறினா: கணக்குப் பார்

ஆறுக்கும் இதே வரிதான். "கணக்குப் பார்" செய்யறது மூணு.

1. ஆறு பெட்டியில இருக்கிறதையும் படி.
2. அஞ்சு விடையையும் மொதல்ல இருந்து போடு.
3. அஞ்சையும் திரையில எழுது.

இதுல எதை முதல்ல அடிச்சாங்க, எதைத் திரும்பிப் போய் திருத்தினாங்கங்கிற கேள்வியே எழாது. திரை எப்படி இந்த நிலைக்கு வந்துச்சுன்னு நிரலுக்குக் கவலை இல்ல. இப்ப என்ன எழுதியிருக்குன்னு மட்டும் பார்க்கும். புதுசா ஒரு கூலிப் பெட்டி வந்தாலும் ஒரு மணி, கணக்குல ஒரு வரி. 35 ஜோடி கிடையாது. ஹேண்ட்லர்கள்ல பரவிக்கிடந்த முந்நூத்தி சொச்சம் வரி, அறுபதுக்குள்ள அடங்கிடுச்சு. வரி குறைஞ்சது உபரி லாபம்.

இன்னொரு லாபமும் உண்டு. ரெண்டாவது வேலையைத் தனி ஃபங்ஷனா வச்சா, அதைச் சோதிக்க விண்டோவும் வேண்டாம், மவுஸும் வேண்டாம். 12, 372, 180, 5, 20, 0 குடுத்தா 61,320 வரணும். வராட்டி எங்கயோ தப்பு. பெரியவர் மனக்கணக்குல செஞ்ச சோதனையை, ஒவ்வொரு தடவை நிரலை மாத்தும்போதும் கம்ப்யூட்டரே செஞ்சுக்கும்.

"ஒவ்வொரு எழுத்துக்கும் எல்லாத்தையும் மறுபடி கணக்குப் போட்டா ஸ்லோ ஆகாதா?"ன்னு கேக்கறவங்க உண்டு. அஞ்சு கூட்டல் பெருக்கலுங்க. 1998-ல இருந்த மெஷினே கண்ணிமைக்கறதுக்குள்ள போட்டுடும். பத்தாயிரம் வரிசை இருக்கிற அட்டவணையை ஒவ்வொரு தட்டலுக்கும் வரையறதுன்னா அது வேற கதை. அங்க மாறின வரிசையை மட்டும் வரையலாம். ஆனா வேகம் உண்மையிலேயே பத்தலைன்னு அளந்து பார்த்த பிறகு செய்யற வேலை அது.

மாமன் மச்சான் சண்டை

ஒரு இடத்துல மட்டும் இது கொஞ்சம் இடிக்கும். அந்தக் கடையில விலையைப் போட்டா மதிப்பு வரணும். "ரவுண்டா 65,000 போடு"ன்னு மதிப்பைப் போட்டா விலை வரணும். ரெண்டு பக்கமும் வாசல். மதிப்புப் பெட்டியில 65,000 அடிச்சா, 360-ஆல வகுத்து விலை 180.56-ன்னு எழுதும். விலைப் பெட்டி மாறிடுச்சு இல்லையா, உடனே அதோட ஹேண்ட்லர் எழுந்து 180.56-ஐ 360-ஆல பெருக்கி மதிப்பை 65,001.60 ஆக்கிடும். நீங்க அடிச்ச 65,000 உங்க கண்ணு முன்னாலயே மாறிப்போகும்!

நம்ம ஆளுங்க இதுக்குப் போடற மருந்து ஒரு கொடி. "நான் மாத்திக்கிட்டு இருக்கேன், நீ சும்மா இரு"ன்னு ஒரு வேரியபிள். முதல் கொடி நல்லாத்தான் வேலை செய்யும். அப்புறம் ரெண்டாவது, மூணாவது. நடுவுல ஏதாவது பிழை வந்து, ஏத்தின கொடியை இறக்காமலே நிரல் வெளிய வந்துடுச்சுன்னா, அப்புறம் எந்தப் பெட்டியும் எதையும் கணக்குப் போடாது. கடைக்காரர் "ஹேங் ஆயிடுச்சு"ன்னு மெஷினை அணைச்சுப் போடுவார்.

இங்க கேக்க வேண்டிய கேள்வி, "எந்தப் பெட்டி மாறுச்சு?" இல்ல. "மனுசன் கடைசியா எழுதினது எது, விலையா மதிப்பா?" அதை ஒரு இடத்துல குறிச்சு வச்சுக்கிட்டு, கணக்குப் பார்க்கும்போது அதை மட்டும் மூலமா எடுத்துக்கணும். மத்தது விடை. விடையைத் திரையில எழுதறது இன்னொரு கணக்கைக் கிளப்பக்கூடாது.

ஃப்ரேம்வொர்க் செய்யறவங்களுக்கும் இது தெரிஞ்சுதான் இருக்கு. க்யூட்டில ஒருவரி எழுத்துப் பெட்டிக்கு ரெண்டு சிக்னல்: டெக்ஸ்ட் சேஞ்ச்டு, டெக்ஸ்ட் எடிட்டட். முதலாவது யார் மாத்தினாலும் வரும். ரெண்டாவது மனுசன் கை பட்டு மாறினா மட்டும் வரும். பிரௌசர்லயும் ஜாவாஸ்கிரிப்ட் தானே ஒரு பெட்டியில எழுதினா இன்புட் ஈவென்ட் கிளம்பாது. விபி6-ல இந்த வித்தியாசம் கிடையாது. நிரல் எழுதினாலும் சேஞ்ச் வரும். அதுல நாமதான் பிரிச்சு வைக்கணும். உங்க ஃப்ரேம்வொர்க்ல எது எப்ப வரும்னு ஒரு தடவை உக்காந்து படிச்சீங்கன்னா பாதிக் கொடியை இறக்கிடலாம்.

விரலைப் பார்க்காதே, எழுத்தைப் பார்

தமிழ்ல எழுதுறவங்க அடிக்கடி அடிவாங்குற இடம் ஒண்ணு இருக்கு. பேரை அடிக்க அடிக்க பட்டியல் வரணும்னு வச்சுக்குங்க. நிறையப் பேரு விசைப்பலகை ஈவென்ட்டைப் பிடிச்சு, எந்த விசை விழுந்துச்சோ அந்த எழுத்தைச் சேர்த்துத் தேடுவாங்க. ஆங்கிலத்துக்கு ஓடும். தமிழுக்குப் படுத்துடும்.

ஏன்னா நம்ம எழுத்துல ஒரு தட்டலுக்கு ஒரு எழுத்துங்கிற கணக்கே கிடையாது. ஒலிபெயர்ப்பு முறையில முதல் விசைக்கு "க்" வரும். அடுத்த விசைக்குப் புள்ளி போய் "க" ஆகும். புதுசா ஒண்ணு சேரலை, இருந்தது மாறுச்சு. 1999-ல சென்னையில நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 முறையிலயும் மெய்யும் உயிரும் தனித்தனி விசையில அடிச்சு உயிர்மெய் ஆகும். போன்ல இன்னும் மோசம். திரை விசைப்பலகையில இருந்து விசை ஈவென்ட் வரும்னு நம்பாதீங்கன்னு ஆண்ட்ராய்டு ஆவணமே சொல்லுது.

அதனால விசையைக் கேக்காம, "பெட்டியில எழுத்து மாறிடுச்சு"ங்கிற ஈவென்ட்டைக் கேளுங்க. ஸ்விங்ல டாக்குமென்ட் லிஸனர், பிரௌசர்ல இன்புட், விபி6-ல சேஞ்ச். ஒட்டினாலும், குரல்ல சொன்னாலும், பின்னால அழிச்சாலும் எல்லாம் இதுக்குள்ள வந்துடும். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி நிரல் எழுதுற வேலை மிச்சம்.

சுருக்கினது சுருங்கலை

இப்ப வரலாற்றைக் கொஞ்சம் பாருங்க. ஆரம்பகால விண்டோஸ்ல எல்லாச் செய்தியும் ஒரே ஃபங்ஷனுக்கு வரும். அதுக்குள்ள ஆள் உயரத்துக்கு ஒரு ஸ்விட்ச். 1991-ல விபி வந்து, பட்டனை ரெண்டு தட்டு தட்டினா ஹேண்ட்லரே முளைச்சு வந்துச்சு. ஜாவா 1996-ல வந்தப்ப, பட்டன் தட்டினதைப் பிடிக்கவே வகுப்பை நீட்டி எழுதணும். 1997-ல லிஸனர் வந்துச்சு. அதுலயும் மவுஸ் தட்டினதை மட்டும் கேக்க அஞ்சு மெத்தட் எழுதி நாலைக் காலியா விடணும். அதுக்காகவே அடாப்டர்னு ஒண்ணு குடுத்தாங்க. 2014-ல ஜாவா 8 லாம்ப்டாவோட வந்து, பட்டனுக்கு ஒரே வரி போதும்னு ஆச்சு.

ஒவ்வொண்ணும் முன்னேற்றம்தான், மறுக்கலை. ஆனா எழுத எழுதச் சுலபமானதும் என்ன ஆச்சு? பட்டனுக்குள்ளயே கணக்கு, டேட்டாபேஸ், பிரிண்ட் எல்லாத்தையும் திணிக்கறதும் சுலபமாச்சு. அடோபில இருந்த ஷான் பேரன்ட் ஒரு கணக்கு சொன்னார்: அவங்க டெஸ்க்டாப் மென்பொருள்கள்ல மூணுல ஒரு பங்கு நிரல் ஈவென்ட் கையாளுறதுக்கே போகுது, ஒரு வெளியீட்டுக் காலத்துல பதிவாகிற பிழைகள்ல பாதி அந்தப் பகுதியிலதான். ஸ்காலா மொழியை உருவாக்கின மார்ட்டின் ஒடெர்ஸ்கியும் கூட ரெண்டு பேரும் 2010-ல எழுதின கட்டுரை, இதைக் காட்டித்தான் அப்சர்வர் முறையையே ஓரங்கட்டணும்னு வாதாடுச்சு.

திரையில ஒண்ணு, உள்ள ஒண்ணுன்னு இருந்தா என்ன ஆகும்ங்கறதுக்கு வத்தலை விடக் கொடுமையான உதாரணம் தெராக்-25. கதிர்வீச்சு சிகிச்சை மெஷின். 1985-லயிருந்து 1987-க்குள்ள அமெரிக்காவுலயும் கனடாவுலயும் ஆறு பேருக்கு அளவுக்கு மீறிக் கதிர்வீச்சு பாய்ஞ்சது, சிலர் செத்தே போனாங்க. 1986-ல டெக்சஸ் மாநிலம் டைலர்ல நடந்ததுல, இயக்குறவர் சிகிச்சை வகையைத் தப்பா அடிச்சு, வேகமா மேல போய்த் திருத்தினார். திரையில திருத்தினது தெரிஞ்சுது. மெஷினோட உள்பகுதி அதை முழுசா எடுத்துக்கலை. மேல போய்த் திருத்தறதுங்கிற ஒரு சாதாரண வேலைதான் அங்கயும்.

"இப்பதான் ரியாக்ட், கம்போஸ் எல்லாம் வந்துடுச்சே, இதையெல்லாம் அதுவே பார்த்துக்குமே"ன்னு ஒரு தம்பி சொல்லுவார். நியாயம்தான். 2013-ல வெளிவந்த ரியாக்ட், 2021-ல முதல் நிலையான பதிப்பு வந்த ஜெட்பேக் கம்போஸ், ரெண்டோட அடிப்படையும் இதுதான்: நிலை ஒரு இடத்துல, திரை அதோட விடை. ஆனா ரியாக்ட்லயும் ஒரு எஃபெக்ட் இன்னொரு ஸ்டேட்டை மாத்த, அது இன்னொரு எஃபெக்ட்டைக் கிளப்பன்னு பழைய முடிச்சையே புதுக் கயித்துல போடறவங்களை வேலை செய்யற இடத்துல தினம் பார்க்கிறேன். ரெண்டு எண்ணைப் பெருக்கினா வர்ற மதிப்பைத் தனி ஸ்டேட்டா வச்சு அதுக்கு ஒரு எஃபெக்ட் வேற! ஃப்ரேம்வொர்க் வழிதான் காட்டும், நடக்க வேண்டியது நாம.

கடைசியா, படிக்கிற தம்பி தங்கச்சிகளுக்கு. அண்ணா பல்கலை 2017 பாடத்திட்டத்தோட ஜாவா ஆய்வகத்துல ஈவென்ட் முறையில கால்குலேட்டர் செய்யற பயிற்சி உண்டு. அருமையான பயிற்சி. அதுல நீங்களா ஒரு நிபந்தனை சேர்த்துக்குங்க: விண்டோவையும் பட்டனையும் மொத்தமா அழிச்ச பிறகும் கால்குலேட்டர் கணக்குப் போடணும். ஹேண்ட்லர் எதுலயும் ரெண்டு வரிக்கு மேல வரக்கூடாது. இந்த நிபந்தனையோட ஒரு தடவை செஞ்சு பாருங்க. மவுஸ் லிஸனர்ல எத்தனை மெத்தட்னு மனப்பாடம் பண்றதை விட ஆயிரம் மடங்கு உபயோகம். வேலைக்குச் சேர்ந்து, உங்க பட்டனைத் தட்டுறது யாரோ ஒரு சம்சாரிக்குப் பணம் குடுக்கிற கடைக்காரரா இருந்தா, அப்ப இதோட அருமை தெரியும்.

டிஸ்கி: கடை எதுன்னு தனியா கேக்காதீங்க, சொல்லமாட்டேன். பெரியவருக்கு 1,539 ரூபாயும் அன்னைக்கே கைக்குப் போயிடுச்சு. அண்ணாச்சி நல்ல மனுசன் :-)